விதைநெல்லை உண்டோமா?

நமது நாட்டிலே "திட்டம்" என்னும் சொல்லைப் போல அடிக்கடி அச்சேறிய சொல் பிறிதொன்று இருக்குமோ என்பது ஐயமே. ஆறாண்டுத் திட்டம் வந்தது. பத்தாண்டுத் திட்டம் வந்தது. மூன்றாண்டுத் திட்டமும் ஐந்தாண்டுத் திட்டமும் வந்தன. ஒவ்வோர் அரசாங்கமும் தனக்கு முந்திய அரசாங்கத்தின் திட்டத்தை அலுமாரியிலே பூட்டிவிட்டுப் புதியதொன்றை எழுதத் தொடங்கியது. ஆண்டுகள் கழிந்தன, இலக்குகள் மட்டும் எட்டாக் கனிகளாகவே நின்றன.

இதற்குக் காரணம் யாது? நமது பாடநூல்களும் மேடைகளும் ஒரே விடையைத் திரும்பத் திரும்பக் கூறி வந்திருக்கின்றன. இத்தீவு உழைத்துச் சேமிப்பதற்கு முன்னரே உண்டு களிக்கத் தொடங்கிவிட்டது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிவிட்ட வேளாளன் மறுபோகத்துக்கு வானத்தைப் பார்த்து நிற்பதுபோல நின்றுவிட்டது என்பதே அந்த விடை. வெள்ளவத்தையிலே உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் கற்பித்த காலத்தில் இந்தத் தீர்ப்பை எத்தனையோ விடைத்தாள்களில் வாசித்திருக்கிறேன். இலவச அரிசி, இலவசக் கல்வி, இலவச வைத்தியம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சிற் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மாணவருக்கு எளிது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அத்தீர்ப்பு அரை உண்மை. மற்றைய அரையையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டில் எழுந்த திட்டங்கள்

திட்டமிடுதல் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உதித்ததன்று. 1928 இல் சோவியத் நாடு தனது முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1950 இல் இந்தியா திட்டக் குழுவை நிறுவி, மறு ஆண்டே தனது முதலாவது திட்டத்தில் இறங்கியது. அடிமைத் தளையினின்றும் விடுபட்ட ஆசிய நாடுகள் யாவும், ஏழ்மையை எண்களால் வென்றுவிடலாம் என்று நம்பிய காலம் அது.

இலங்கையில் 1950 இல் மத்திய வங்கி தோன்றியது. 1951 இல் உலக வங்கியின் குழுவொன்று வந்து நாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்தது. 1954/55 இல் தொடங்கிய ஆறாண்டு முதலீட்டுத் திட்டம் வெளிவந்தது. 1956 இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர்ப் பிரதமர் பண்டாரநாயக்காவின் தலைமையில் தேசிய திட்ட சபை அமைந்தது. அதன் பணிக்கு உதவியாக உலகின் தலைசிறந்த பொருளியல் அறிஞர்கள் கொழும்புக்கு அழைக்கப்பட்டனர். ஜோன் ரொபின்சன் அம்மையார், குன்னார் மிர்டால், நிக்கலஸ் கால்டோர், ஜோன் ஹிக்ஸ், ஒஸ்கார் லாங்கே, கல்பிரெயித் முதலியோர் எழுதிய ஆய்வுரைகள் 1959 இல் நூலாகத் தொகுக்கப்பட்டன. இத்துணை அறிஞரின் ஆலோசனை ஒருங்கே கிடைத்த சிறிய நாடு வேறு இருந்திருக்குமோ என்று வியக்கத் தோன்றுகிறது. திட்டச் செயலகத்தை நடத்தியவர், பின்னாளில் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டுக்குச் செயலாளர் நாயகமாக விளங்கிய கமனி கொறயா.

1959 இல் பத்தாண்டுத் திட்டம் வெளியாயிற்று. அதே ஆண்டு செப்தெம்பரில் பிரதமர் சுடப்பட்டு இறந்தார். திட்டமும் அவருடன் பாதி இறந்தது என்றே கூறலாம். தேயிலையின் விலை சரிந்தது. அந்நியச் செலாவணி கரைந்தது. 1961 முதல் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. பத்தாண்டுக்கென வகுத்த நூலை ஒருபுறம் வைத்துவிட்டு 1962 இல் மூன்றாண்டுக்கான குறுகிய காலத் திட்டமொன்றை எழுத நேர்ந்தது. அதன் கதியும் அவ்வாறே ஆயிற்று.

ஒரு கொத்து அரிசி

இவ்வாறு திட்டங்கள் ஏட்டில் வந்து போய்க்கொண்டிருக்க, ஏட்டில் இல்லாத வேறொரு திட்டம் வாராவாரம் தவறாமல் நிறைவேறிவந்தது. அதுவே கூப்பன் அரிசி. இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் 1942 இல் தொடங்கிய பங்கீட்டு முறை போர் முடிந்த பின்னரும் நீடித்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தது. துறைமுகத் தொழிலாளரும், சிறு கடைக்காரரும், எழுதுவினைஞரும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் என்ற வேறுபாடின்றி நெருங்கி வாழ்ந்த ஒழுங்கை அது. எங்கள் தாயார் கூப்பன் புத்தகங்களைப் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடும் காணி உறுதியோடும் ஒன்றாகக் கட்டி றங்குப்பெட்டியில் வைத்திருப்பார். வாரத்துக்கு ஒருமுறை அவற்றை எடுத்து என் கையில் தந்து, "தம்பி, பையைக் கிழிய விடாதே; புத்தகத்தை நனைய விடாதே" என்று சொல்லிச் சங்கக்கடைக்கு அனுப்புவார். அந்த அரிசியில் கல்லும் உண்டு, வண்டும் உண்டு. ஆயினும் மாதக் கடைசியிலே சம்பளம் தீர்ந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

இந்த ஒரு கொத்து அரிசியின் ஆற்றலை அறிய அரசியல் வரலாற்றைப் புரட்டினாற் போதும். 1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் மூழ்கியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலொன்றிலே கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1962 இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் பதவி விலக நேர்ந்தது. 1966 இன் இறுதியில் இரண்டு கொத்து ஒன்றாகக் குறைக்கப்பட்டு, அந்த ஒன்று இலவசமாக்கப்பட்டது. 1970 தேர்தல் மேடைகளில் மீண்டும் இரண்டு கொத்து என்ற வாக்குறுதி முழங்கியது; ஆட்சி மாறியது.

பொருளியலார் இதனைக் கண்டே தலையில் அடித்துக்கொண்டனர். அணை கட்டவும் ஆலை நிறுவவும் செல்லவேண்டிய செல்வம் வயிற்றுக்குள் போகிறதே என்பது அவர்கள் கவலை. அக்கவலை வீணானதன்று. ஏற்றுமதியால் வந்த பணத்திற் பெரும் பங்கு அரிசியும் மாவும் வாங்குவதிலே கழிந்தது உண்மை. 1952 இல் சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி நமது றப்பர் சென்று, அதற்கு ஈடாக அரிசியே வந்தது.

உண்டதும் விதைத்ததும்

நிற்க. உணவும், கல்வியும், வைத்தியமும் வெறுஞ் செலவுகள்தாமா?

1946 இல் இந்நாட்டில் ஆயிரம் பேருக்கு 20 என்ற அளவில் இருந்த இறப்பு விகிதம் மறு ஆண்டிலே 14 ஆக வீழ்ந்தது. மலேரியாவை ஒழிக்க வீடுதோறும் தெளித்த டீ.டீ.ரி. மருந்து ஒரு காரணம். பரவலான ஆஸ்பத்திரிகளும் கூப்பன் அரிசியும் பிற காரணங்கள். 1945 இல் வந்த இலவசக் கல்வி, அதற்கு முன் பள்ளி வாயிலையே மிதியாத பிள்ளைகளைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுசென்றது. வறிய நாடொன்று தன் மக்களை நீண்டநாள் வாழவைக்கவும் எழுதப்படிக்க வைக்கவும் முடியும் என்பதற்கு உதாரணமாக அமர்த்தியா சென் போன்றோர் பின்னாளில் எடுத்துக்காட்டியது இந்தத் தீவைத்தான்.

அணைக்கட்டில் ஊற்றிய சீமெந்து முதலீடு. பிள்ளையின் மூளையில் ஊற்றிய அறிவு செலவு. இப்படிப் பிரித்தெழுதும் கணக்குமுறையை எந்த ஆசிரியர் ஒப்புக்கொள்வார்? விதைநெல்லை நாம் உண்டுவிடவில்லை. ஒரு பகுதியை உண்டோம். பெரும் பகுதியை வகுப்பறைகளிலே விதைத்தோம். அது முளைக்கவும் செய்தது. முளைத்த நாற்றைப் பிடுங்கி நடுவதற்கு வயல் ஆயத்தமாக இருக்கவில்லை என்பதே நமது உண்மையான குறை.

தென் கொரியாவை ஒப்புநோக்குவோம். 1960 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் தலா வருமானம் நம்முடையதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. போரினாற் சிதைந்திருந்த அவர்களும் கல்விக்கு வாரி வழங்கினார்கள். அதனால் அவர்கள் கெட்டுவிடவில்லை. 1962 இல் தொடங்கிய முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் முதலாக, கற்ற கைகள் செய்த பொருளை உலகச் சந்தைக்கு அனுப்பும் வழியை அவர்கள் விடாது வளர்த்தனர். அவர்களது ஆட்சிமுறையை நான் புகழவில்லை. கல்வியையும் தொழிலையும் ஒரே நுகத்தில் பூட்டிய அந்த விவேகத்தையே குறிப்பிடுகிறேன். நாமோ தேயிலை, றப்பர், தெங்கு என்ற மூன்றையே நம்பியிருந்தோம். ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இம்மூன்றினாலேயே வந்தது. படித்த பிள்ளைக்கு இவற்றுள் எதிலும் இடமில்லை. அரசாங்க உத்தியோகம் ஒன்றே அவன் கண்ட வயல். அந்த வயலோ மிகச் சிறியது. பின்னர் அதற்கும் மொழியால் வேலி கட்டினோம். அதனால் தமிழ் இளைஞர் அடைந்த துன்பத்தை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

1971 ஏப்பிரிலில் தென்னிலங்கையின் படித்த இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர். அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, நாட்டில் வேலையில்லாதாருட் பெரும்பாலோர் கல்வி கற்ற இளைஞரே என்று காட்டியது. அவர்கள் எதிர்பார்த்த வேலையும் நாட்டில் இருந்த வேலையும் பொருந்தவில்லை. அதன்பின் வந்த 1972–76 ஐந்தாண்டுத் திட்டம் வேலையையே தலையாய இலக்காகக் கொண்டது. ஆனால் 1973 இல் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறியபோது அத்திட்டமும் தள்ளாடியது. பாண் வரிசைகளில் விடியற்காலையிலே கால் கடுக்க நின்றவர்களுக்கு அந்நாள்கள் மறக்கக்கூடியவையல்ல.

அக்காலத்திலேயே திட்டத்தாளில் முக்கியமாக இடம்பெறாத ஓர் அதிசயமும் நிகழ்ந்தது. வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி தடைப்பட்டதும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே பொன் விளைந்தது. கிணற்று நீரை இறைத்துப் பயிர்செய்த கமக்காரன் கல்வீடு கட்டினான். முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய வன்னிக் குடியேற்றங்களில் படித்த வாலிபர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். விற்பதற்குச் சந்தையும், பயிரிட நிலமும், இறைக்க நீரும் கிடைத்தபொழுது நமது இளைஞர் உழைக்க மறுக்கவில்லை. 1977 இன் பின் இறக்குமதிக் கதவு ஒரே நாளில் திறந்ததுபோலத் திறக்கப்பட்டு விலைகள் வீழ்ந்தபோது, அவர்களைக் கேட்டறிந்தவர் எவருமில்லை.

கணக்கில் வந்த தேயிலை, கணக்கில் வராத மனிதர்

இனி, அரை உண்மையின் மறைந்த பகுதிக்கு வருகிறேன். நாடு உண்டது என்கிறோம். உண்டதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார்?

அறுபதுகளில் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது. அணைக்குச் சீமெந்தும், ஆலைக்கு இயந்திரமும், கூப்பனுக்கு அரிசியும் அந்தக் கொழுந்தின் விலையில் வாங்கப்பட்டவை. கொழுந்து கிள்ளிய கைகளோ 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரின் கைகளாக்கப்பட்டிருந்தன. மறு ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, அவர்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 முதல் நடந்த தேர்தல்களில் கட்சிகள் அரிசியின் விலையைப் பேரம் பேசின. அந்த அரிசிக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களுக்கோ அப்பேரத்தில் வாய் இருக்கவில்லை.

திட்ட ஆவணங்களில் தேயிலை பவுண்டுக் கணக்கிலும் ரூபாய்க் கணக்கிலும் நுணுக்கமாக அளக்கப்பட்டது. அதனை விளைவித்தவர்களும் எண்ணப்பட்டனர். ஆனால் வேறொரு தாளில். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

1970 ஆம் ஆண்டளவில், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, கொட்டாஞ்சேனையிலே நான் உணவருந்தும் கடையில் ஊவாத் தோட்டமொன்றிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் வேலை செய்தான். வீட்டிலிருந்து வரும் கடிதங்களை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வான். ஒருநாள் கடிதத்தைக் கேட்டு முடித்துவிட்டு, "எங்க அப்பா இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துட்டாராம், மாஸ்டர். அங்கே போனா எங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டான். பொருளியற் பட்டம் பெற்றிருந்த எனக்கு அக்கேள்விக்கு விடை தெரிந்திருக்கவில்லை. அவன் பாட்டனும் தந்தையும் இந்நாட்டுக்கு ஈட்டித் தந்த செல்வத்தை நான் கரும்பலகையிற் கணக்கிட்டுக் காட்டியிருக்க முடியும். அவனுக்கு ஓர் ஊரைக் காட்ட முடியவில்லை.

விதையை வகுப்பறையில் விதைத்தோம் என்று மேலே எழுதினேன். அதிலும் மலைநாட்டுக்குப் பங்கு கிடைக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதிவரை தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தேசியக் கல்வி அமைப்புக்கு வெளியிலேயே கிடந்தன. 1974 இல் உணவு அருகியபொழுது தோட்டங்களிலே இறப்பு விகிதம் மேலேறியது. யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்கள் செழித்த அதே ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் பசி நிலவியது. நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே, விதைநெல்லை உண்டோம் என்னும் குற்றச்சாட்டை எல்லோர் தலையிலும் ஒன்றாகச் சுமத்துவது நீதியன்று. உண்ணாமல் விளைவித்தவர்களும் இந்நாட்டில் இருந்தனர்.

பிறர் வயலில் நமது நாற்று

1977 இன் பின்னர் விரிவான திட்டநூல்கள் மறைந்து பெரும் வேலைகள் தோன்றின. முப்பது ஆண்டில் முடிக்க எண்ணிய மகாவலித் திட்டம் ஆறாண்டுக்குள் முடுக்கப்பட்டது. 1985 இல் விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டது. மின்சாரமும் நீரும் பெருகின. ஆனால் அணைகள் எழுந்த அதே ஆண்டுகளில் இனப் பகை தீயாய் மூண்டது. ஐம்பதுகளின் திட்டக்காரர் பெருமையாகக் காட்டிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் மௌனமாயின.

இங்கே வெள்ளவத்தையிலும் ஒரு மாற்றம் கண்கூடு. முன்னொரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உழைத்ததும், 1933 வேலைநிறுத்தத்தால் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றதுமான நூற்பு நெசவு ஆலையின் நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் வானளாவுகின்றன. காலி வீதியின் இருமருங்கிலும் எழுந்துள்ள மாடிவீடுகளிற் பல ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தால் வாங்கப்பட்டவை. வளைகுடா நாடுகளின் சமையலறைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்போர் அனுப்பும் பணம் தேயிலை வருவாயை எப்போதோ விஞ்சிவிட்டது. நாம் கற்பித்து, நோய் தீர்த்து, சோறிட்டு வளர்த்த நாற்று பிறர் வயல்களிலே நடப்பட்டுவிட்டது. அங்கிருந்து வரும் வைக்கோலைக் கொண்டு நாம் கூரை வேய்ந்து வருகிறோம்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. கமக்காரனைக் கேளாது இட்ட அந்த ஆணை சில மாதங்களில் மீளப்பெறப்பட்டது. அதற்குள் விளைச்சல் குன்றிவிட்டது. 2022 ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென்று நாடு அறிவித்தது. 2023 இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவியோடு புதிய இலக்குகள் வந்தன. வரவு இத்தனை வீதம், செலவு இத்தனை வீதம் என்ற எண்கள் நம்முன் வைக்கப்பட்டன. எண்கள் வேண்டாமென்று யாரும் கூறமாட்டார். கடனாளியின் வீட்டில் கணக்குப் புத்தகம் கட்டாயம் இருக்கவேண்டும்.

ஆனால் பழைய பாடத்தை மறந்து, "சோற்றையும் பள்ளியையும் சுருக்கினால் நாடு உய்யும்" என்ற குரல் மீண்டும் எழும்பொழுது ஆசிரியரும் மாணவரும் வாளாவிருத்தலாகாது. எந்தத் திட்டம் கையில் வந்தாலும் மூன்று வினாக்களை அதனிடம் கேட்கப் பழகுவோமாக. இதற்குரிய செல்வத்தை விளைவிப்பவர் யார்? அவர்களுக்கு இதில் பேசும் உரிமை உண்டா? நாம் கற்பித்து விடும் பிள்ளைக்கு இந்நாட்டிலே நடவு செய்ய இடமுண்டா? 1959 இன் அறிஞர் பெருமக்கள் கணக்கிலே தவறவில்லை. இவ்வினாக்களைக் கேட்க வாக்குரிமையோடு மலைநாட்டார் மன்றத்தில் இருந்திருந்தால், அவர்கள் வகுத்த திட்டத்தின் முதற் பக்கமே வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும்.